கன்றுக்கு மூன்று கோடை

ஆனி பிறந்ததும் தென்காசிக்காரர்கள் மேற்கே பார்க்கத் தொடங்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் குறுக்கே நிற்கும் பெருஞ்சுவர் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தச் சுவரில் திறந்து கிடக்கும் தாழ்ந்த வாசல் செங்கோட்டை – ஆரியங்காவுக் கணவாய். அந்த வழியாகப் புகுந்து வரும் ஈரக்காற்றுதான் குற்றாலத்திலும் இலஞ்சியிலும் தென்காசியிலும் சாரலாக விழுகிறது. சீசன் என்று ஊரே சொல்லும் அந்த இரண்டு மூன்று மாதமும் பேரருவியும் ஐந்தருவியும் இந்தக் காற்றின் தயவில்தான் கொட்டுகின்றன.

அங்கிருந்து கிழக்கே போகப் போகக் கதை மாறிவிடும். ஆலங்குளம், சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் சாரல் அற்றுப்போய் வெறும் காற்றுதான் வீசும். காற்றாலைகள் அங்கே வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். மலைக்கு அந்தப் பக்கம் மழையை உதிர்த்துவிட்டு வரும் காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறுகிறது. மழையற்ற காற்று நூறு மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். சூடேறிய காற்று, தான் தொட்ட எதிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சப் பார்க்கும்.

ஓர் இளங்கன்றுக்கு இது என்ன செய்யும்? ஒவ்வோர் இலையின் மேலும் அசையாத, ஈரமான காற்றின் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. இலைத்துளைகளிலிருந்து வெளியேறும் நீராவி இந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பலத்த காற்று அந்தப் படலத்தைச் சீவி எடுத்துவிடுகிறது. இலை வேகமாக நீரை இழக்கிறது. வளர்ந்த மரத்துக்கு ஆழத்து வேர் கைகொடுக்கும். ஒரு சாண் வேர் மட்டுமே விட்டிருக்கும் கன்றுக்கு அந்தக் கதியில்லை. ஐப்பசி மழையில் நட்ட கன்று சித்திரை வெயிலைத் தாண்டினாலும் ஆனி, ஆடிக் காற்றைத் தாண்ட வேண்டும். தென்காசிக்குக் கிழக்கே மரம் வளர்க்க நினைக்கும் எவரும் இந்த இரட்டைச் சோதனையை மனத்தில் வைத்தாக வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. பஞ்சத்திலும் வேலையின்மையிலும் அரசு மக்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குகிறது. அந்தக் கூலி வேலையால் ஒரு காட்டையோ பூங்காவையோ உருவாக்க முடியுமா? முடியும் என்பதற்கு உலகில் ஒரு பெரிய சான்று உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன் நம் பக்கத்துப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கும் மேல் மாண்டார்கள். சென்னை மாகாண அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. கல் உடைத்தார்கள், சாலை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். 1877 தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியானால் ஏறத்தாழ 1,600 கலோரி. கல் உடைக்கிற ஓர் ஆளுக்கு அதைப்போல இரண்டு பங்கு வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்துப் போராடினார். சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் வேலைக்களத்திலேயே சரிந்தவர்கள் ஏராளம். அந்த வேலைகளை நிவாரணம் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

இந்தப் பஞ்சத்தின் நிழலில் இரண்டு ஏற்பாடுகள் உருவாயின. ஒன்று பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு. மற்றொன்று 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ஜெர்மானிய வனவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் மாகாணத்தைச் சுற்றிப் பார்த்து வனத்துறைக்கு வழி சொன்னதும் அந்த ஆண்டுகளில்தான். பஞ்ச விதி மக்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னது. வனச் சட்டம் காட்டை வேலி போட்டு ஒதுக்கியது. வேலை கேட்ட மக்களையும் வறண்டு கிடந்த மலையடிவாரங்களையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. அடுத்தடுத்த மேசைகளில் எழுதப்பட்ட இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் அவை சேர்ந்தன. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் நாலில் ஒருவர் வேலை இழந்திருந்தார். 1933 மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட், அந்த மாத முடிவுக்குள் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவின் காட்டில் முதல் முகாம் திறந்தது. மூன்று மாதத்துக்குள் இரண்டரை லட்சம் இளைஞர்களுக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். குடிமக்கள் பாதுகாப்புப் படை என்று அதற்குப் பெயர். வேலையில்லாத, மணமாகாத இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். மூன்று வேளைச் சாப்பாடு, உடை, படுக்கை எல்லாம் முகாமில். சேர்ந்த சில மாதங்களிலேயே பையன்கள் எடை கூடினார்கள் என்று ஆவணங்கள் சொல்கின்றன. டெம்பிள் கூலியைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது இந்தச் சின்னத் தகவலைத் தாண்டிப் போக முடியவில்லை.

1942இல் படை கலைக்கப்படும் வரை ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். முந்நூறு கோடி மரக்கன்றுகள் நட்டார்கள். 700க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்களை உருவாக்கினார்கள் அல்லது சீர்படுத்தினார்கள். அதற்கு முன் பல மாநிலங்களில் பூங்கா என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. வர்ஜீனியா 1936 ஜூன் 15 அன்று ஒரே நாளில் ஆறு பூங்காக்களைத் திறந்தது.

எண்ணிக்கையைவிட அதன் அமைப்புதான் முக்கியம். ஆள் எடுத்தது தொழிலாளர் துறை. முகாம் நடத்தியது ராணுவம். என்ன வேலை, எந்த இடம், எந்த மரம் என்பதைத் தீர்மானித்தவர்கள் வனத்துறையும் பூங்காத் துறையும். இவர்களோடு ஒவ்வொரு முகாமிலும் அந்த வட்டாரத்தின் அனுபவசாலிகள் சிலரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கல் தச்சர், மரம் வெட்டுபவர், மலைப்பாதை அறிந்தவர். நகரத்துப் பையனுக்கு எந்தக் கல் எப்படி உட்காரும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். பூங்காக் கட்டடங்களுக்கு உள்ளூர்க் கல்லையே எடுத்து, வெயிலும் மழையும் பட்டுப் பாசி படிந்த பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கினார்கள். அந்தப் படிக்கட்டுகளும் தடுப்புச் சுவர்களும் தொண்ணூறு ஆண்டுகளாகியும் பயன்பாட்டில் இருக்கின்றன.

அந்தப் படையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பெண்களுக்கு அதில் இடமில்லை. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கினார்கள். கொசுவை ஒழிக்கிறோம் என்று சதுப்பு நிலங்களை வடித்துப் பாழாக்கினார்கள். மண் அரிப்பைத் தடுக்க அவர்கள் நட்ட குட்ஸு என்னும் ஜப்பானியக் கொடி, பின்னால் தெற்கு மாநிலங்களின் மரங்களை மூடி நெருக்கியது. அந்தக் கொடி அமெரிக்காவுக்குள் வந்தது 1876இல், பிலடெல்பியா கண்காட்சி வழியாக. அதே 1876இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளர் கர்னல் பெட்டோம், வறண்ட நிலத்துக்கு விறகு மரமாகச் சீமைக்கருவேல விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை அடுத்த ஆண்டு கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. பெட்டோம் திருநெல்வேலி மலைகளின் செடிகளையும் தவளைகளையும் ஆராய்ந்த அருமையான இயற்கையியலாளர். அவர் நோக்கத்தில் பழுதில்லை. வேகமாக வளர்கிற, இலையை ஆடு தின்னாத, தண்ணீர் கேட்காத ஒரு மரம் கிடைத்தால் பஞ்ச நாட்டுக்கு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தக் குணங்கள்தான் பின்னால் அதை அடக்க முடியாததாக்கின. மாடும் ஆடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைக் குளம் குளமாகப் பரப்பின. தண்டை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்டியெடுத்தாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழையில் முளைக்கும்.

அமெரிக்கப் பெருமந்தத்தின் வேலைத்திட்டங்களில் தென்காசிக்கு மிக நெருக்கமானது பூங்காக்கள் அல்ல, காற்றுத் தடுப்பு மரவரிசைகள். 1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் வறட்சியும் புழுதிப்புயலும் சேர்ந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போயின. 1934இல் தொடங்கி 1942 வரை, வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை, நிவாரணத் தொழிலாளர்களைக் கொண்டு 22 கோடி மரங்கள் நடப்பட்டன. வரிசைகளின் மொத்த நீளம் சுமார் 30,000 கிலோமீட்டர். ஓரங்களில் புதர், நடுவில் உயரமான மரம் என்று பல வரிசைகளாக அமைத்தார்கள். நிலம் விவசாயியுடையது. அரசு நட்டுக் கொடுத்தது. களை எடுப்பதும் கால்நடைகளிடமிருந்து காப்பதும் விவசாயியின் பொறுப்பு.

பத்து மீட்டர் உயர மரவரிசை, காற்று போகும் திசையில் நூறு முதல் இருநூறு மீட்டர் வரை வேகத்தைக் குறைக்கும். அடர்த்தியான சுவர்போல அமைத்தால் பலன் கூடும் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. காற்று சுவர்மேல் ஏறித் தாவி, பின்னால் சுழித்து விழுந்து பயிரை அலைக்கழிக்கும். பாதி காற்றை உள்ளே விடுகிற வரிசைதான் அதன் வேகத்தை மெல்லத் தணித்து நெடுந்தூரம் காப்பாற்றும். சுரண்டைப் பக்கம் வரப்புகளில் பனைகள் இடைவெளி விட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது.

நம் நாட்டில் பஞ்சக் கோப்பும் காட்டுக் கோப்பும் சட்டத்தில் சேர்ந்தது 2005இல். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில் நீர்ப் பாதுகாப்புக்கு அடுத்தபடியாக, காடு வளர்ப்பையும் மரம் நடுதலையும் உள்ளடக்கிய வறட்சித் தடுப்பு இடம்பெற்றது. 2006 பிப்ரவரியில் முதல் கட்ட மாவட்டங்களில் தொடங்கிய திட்டம், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு 2007இல் வந்தது. தென்காசி அப்போது அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். நூறு நாள் வேலை என்று ஊரெல்லாம் பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை பெண்கள், பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். அமெரிக்க முகாம்கள் வாசலிலேயே நிறுத்திய பெண்கள்தான் இங்கே மம்பட்டியும் சட்டியுமாக வேலையைச் சுமந்தார்கள். தொடக்கத்தில் 80 ரூபாயாக இருந்த நாட்கூலி 2025–26இல் 336 ரூபாயானது.

அவர்கள் பெரும்பாலும் செய்தது குளத்து வேலை. அதில் நியாயம் இருக்கிறது. திரிகூட மலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாறு, வழிநெடுக அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் குளங்களை நிறைக்கும் ஆறு. வரத்துக்கால் தூர்ந்தால் குளம் நிறையாது. மடை பழுதானால் நிறைந்தும் பயனில்லை. இயந்திரமும் ஒப்பந்ததாரரும் கூடாது, செலவில் குறைந்தது அறுபது சதவீதம் கூலியாகப் போக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதியாக இருந்தது. மண் வேலைக்கு அது பொருந்தும். தோண்டிய மண்ணை அளந்தால் கூலிக் கணக்கு முடிந்துவிடும்.

கன்றின் கணக்கு அப்படி முடிவதில்லை. ஒன்றரை அடிக் குழி எத்தனை, நட்ட கன்று எத்தனை என்று எண்ணிவிடலாம். கன்று பிழைத்ததா என்பது மூன்று கோடை கழித்துத்தான் தெரியும். அரசின் ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. கன்றின் சோதனைக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. நட்டபோது திறந்த வருகைப் பதிவேட்டை ஏப்ரலில் தண்ணீர் ஊற்றுவதற்காக மறுபடி திறக்க வேண்டும். விதியில் அதற்கு இடமிருந்தது. ஆனாலும் நடும் நாளுக்கு இருக்கிற உற்சாகம் ஊற்றும் நாளுக்கு இருப்பதில்லை. சாலையோரங்களில் முள்கூண்டுக்குள் காய்ந்த குச்சிகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். நட்டவர்களின் கையில் குறையே இல்லை.

இதற்கு முன்பும் நம்மிடம் ஒரு முயற்சி நடந்தது. 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. குளங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நாட்டுக் கருவேலத்தை நட்டார்கள். குளத்துக்குள் மண்மேடு எழுப்பி அதன் தலையில் கன்றை வைப்பார்கள். தண்ணீர் ஏறும்போது கன்று மூழ்காது. தண்ணீர் வற்றியபின் மேட்டடியின் ஈரம் வெயிலைத் தாங்க உதவும். நிலமே தண்ணீர் ஊற்றும் இடத்தைத் தேர்ந்ததுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. விறகு கிடைத்தது. வருவாயில் ஊராட்சிக்கும் பங்கு. கருவேலங்கிளைகள் நீர்ப்பறவைகளுக்குக் கூடு கட்ட ஏற்றவை. தெற்கே கூந்தன்குளத்தில், நட்டு வளர்த்த கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை இன்றும் காணலாம். மனிதர் நட்ட மரத்தைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. பிரச்சினையும் வந்தது. குளத்துக்குள் மரம் அடர்ந்தால் வண்டல் படியும், தூர்வாருவது கடினம். ஒரே இனத்தை எல்லாக் குளத்திலும் நட்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மலைமேல் இருப்பதை இதோடு குழப்பக் கூடாது. குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி, தேனருவி வரை இருப்பது யாரும் நட்ட காடு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தது. 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கே தங்கித் தாவரங்கள் சேகரித்தார். அவர் கண்ட செழுமை பல்லாயிரம் ஆண்டுகளின் விளைவு. அந்தக் காட்டின் மக்கிய இலைப்படுகையும் வேர்த்துளைகளும் மழையை உள்ளிழுத்து மெதுவாக விடுவதால்தான் மழை விட்ட பிறகும் பேரருவியில் தண்ணீர் ஓடுகிறது. அங்கே கூலி வேலைக்கு ஓர் இடம் உண்டென்றால் அது காவல்தான். தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாதைகளைச் சீராக்குவது, அந்நியக் களைகளை அகற்றுவது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பதின்வயதுப் பையனைக் கொண்டுபோனது. மேலே மழை பெய்வதைக் கண்டு கீழே சொல்ல ஆள் இருப்பது அலங்காரப் பூங்காவைவிட அவசரம்.

அடிவாரத்துக்குக் கிழக்கே, காற்று வெளியில் என்ன நடலாம்? முதல் பதில் பனை. ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையைப் புதைத்தால், இலை வெளியே வருவதற்குப் பல மாதம் முன்பே முளை ஒரு குழாயாக மண்ணுக்குள் இறங்குகிறது. வருங்காலக் குருத்து அந்தக் குழாயின் நுனியில், ஈரமுள்ள ஆழத்தில், கிழங்காகத் திரண்டு உட்காருகிறது. நாம் தையில் தோண்டி அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். வெயிலும் காற்றும் தொட முடியாத இடத்தில் தன் பிள்ளைப்பருவத்தைக் கழிக்கும் மரம் இது. நாற்றுப் பண்ணை வேண்டாம், கூண்டு வேண்டாம், கோடைத் தண்ணீர் வேண்டாம். ஒருமுறை கூலி கொடுத்து முடிக்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. பலன் தர இருபது ஆண்டு ஆகலாம். அதுவரை வரப்பை இடிக்காமல் விட்டால் போதும்.

ஆனால் பனை நிழல் மரமல்ல. சாலைக்கும் பள்ளி வளாகத்துக்கும் ஊர்ப் பொதுவிடத்துக்கும் புளியும் மருதும் நாவலும் வேம்பும் வேண்டும். திருநெல்வேலி – தென்காசிச் சாலையை அகலப்படுத்த வெட்டிய மரங்களுக்கு ஈடாகப் பனையை மட்டும் காட்ட முடியாது. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். பீகாரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேலை உறுதித் திட்டத்தில் 200 கன்றுகளை ஓர் அலகாக்கி, சில குடும்பங்களிடம் ஒப்படைத்து, பிழைத்திருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தொடர்ந்து கூலி கொடுத்தார்கள். அமெரிக்க மரவரிசையில் விவசாயி ஏற்ற பொறுப்பை இங்கே ஏழைக் குடும்பம் ஏற்றது, கூலியோடு.

அதே அலகை ஆலங்குளத்துக்குப் பொருத்தி உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். 200 கன்றுக்கு ஒரு முறைக்குப் பத்து லிட்டர் வீதம் 2,000 லிட்டர். பக்கத்தில் அடிகுழாயோ கிணறோ இருந்தால் இரண்டு பெண்களுக்கு ஒரு காலைப்பொழுது வேலை. இதை ஓர் ஆள்நாள் என்று கொள்வோம். பங்குனி தொடங்கி ஆடி முடிய, நான்கு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் சுமார் 40 முறை. வெயிலும் காற்றும் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். 40 ஆள்நாள் என்பது அந்தத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு உறுதியளித்த நூறு நாளில் பாதிகூட இல்லை. 2025–26இன் 336 ரூபாய்க் கூலியில் 13,440 ரூபாய். ஒரு கன்றுக்கு ஆண்டுக்கு 67 ரூபாய், மூன்று கோடைக்கு 201 ரூபாய்.